பஸ்ராவில் வெல்டர் வேலை, கையில் விசிட் விசா: போகலாமா?

ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 24 வயது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வெல்டிங் கற்றுக்கொண்டவர். ஈராக்கில் பஸ்ரா பக்கம் எண்ணெய் வயலில் வேலை, மாதம் 500 டாலர் என்று ஒரு ஏஜெண்ட் வந்திருக்கிறார். கேட்பது 1,40,000 ரூபாய். "முதல்ல விசிட்ல போகட்டும், அங்க போய் வொர்க் விசாவா மாத்திக்கலாம்" என்கிறாராம். விசாவுக்கு என்னென்ன வேண்டும், அந்த ஊர் இப்போது எப்படி இருக்கிறது, அனுப்பலாமா என்பதுதான் கேள்வி.

பஸ்ராவுக்கு அனுப்பலாம். ஆனால் இந்த விசாவில் அனுப்பாதீர்கள். குண்டு வெடிக்கும் என்று பயந்து எல்லோரும் முதல் கேள்வியாக "ஊர் எப்படி" என்றுதான் கேட்கிறார்கள். பஸ்ரா பக்கத்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் கேம்ப் அலுவலகத்தில் ஆறு வருஷம் ஆட்களின் பாஸ்போர்ட், இகாமா (அந்த ஊர்க் குடியிருப்பு அட்டை), டிக்கெட் வேலைகளைப் பார்த்தவன் நான். அத்தனை வருஷத்தில் குண்டால் சிக்கிய நம் ஆள் ஒருவரையும் நான் நேரில் பார்க்கவில்லை. காகிதத்தால் சிக்கியவர்களுக்குக் கணக்கே இல்லை.

முதலில் விசா. ஈராக் விசா என்று ஒரே பொருள் கிடையாது. பாக்தாத்தில் இருக்கும் மத்திய அரசு தருவது ஒன்று, வடக்கே குர்திஸ்தான் பிராந்திய அரசு தருவது இன்னொன்று. எர்பில், சுலைமானியா, தொஹூக் எல்லாம் குர்திஸ்தான். அங்கே தருகிற விசா அந்தப் பிராந்தியத்துக்குள் மட்டும்தான் செல்லும். அதை வைத்துக்கொண்டு எர்பிலிலிருந்து 85 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மோசூலுக்குக்கூடப் போக முடியாது, தென்கோடியில் இருக்கிற பஸ்ராவுக்கு எங்கே போவது? குர்திஸ்தான் விசா சுலபமாகக் கிடைக்கும் என்பதால், அதையே "ஈராக் விசா" என்று சொல்லி விற்கிற ஆட்கள் உண்டு. ஏஜெண்ட் காட்டும் டிக்கெட்டில் இறங்கும் இடம் எர்பில் என்று இருந்தால், மேற்கொண்டு பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

பாக்தாத் அரசின் விசாவில் சமீபத்தில் சில மாற்றங்கள் வந்தன. 2021 மார்ச்சில் முப்பதுக்கும் மேற்பட்ட நாட்டவர்களுக்கு விமான நிலையத்திலேயே விசா தரத் தொடங்கினார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சீனா எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன, இந்தியா இல்லை. 2025 மார்ச் 1 முதல் அந்த ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் இ-விசாவுக்கு மாறிவிட்டார்கள். ஆகவே "போய் இறங்கினால் ஏர்போர்ட்டில் அடித்துத் தருவார்கள்" என்று யார் சொன்னாலும் அது பழைய கதை. அதுவும் நம் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தாத கதை.

வேலை விசா வேறு வழியில் வருவது. தம்பி இங்கே உட்கார்ந்து விண்ணப்பித்து வாங்குவது அல்ல அது. அங்கே இருக்கும் கம்பெனி தன் பெயரில் தொழிலாளர் துறையிலும் உள்துறையிலும் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி வந்த பிறகுதான் இங்கே விசா. அதற்கு நாம் கொடுக்க வேண்டியது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், புகைப்படம், கையெழுத்தான ஒப்பந்தம், போலீஸ் கிளியரன்ஸ், மருத்துவச் சான்று. சில கம்பெனிகள் வேலைச் சான்றிதழ்களுக்குத் தூதரக அட்டஸ்டேஷனும் (சான்றொப்பமும்) கேட்கும். இதற்கு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். "பத்து நாளில் விசா" என்று ஒருவர் சொன்னால், அது வேலை விசாவாக இருக்காது என்பதுதான் என் அனுபவம்.

விசா தாளில் ஒரே ஒரு சொல்லைப் பார்த்தால் போதும். வகை என்கிற இடத்தில் அரபியில் 'அமல்' என்று இருந்தால் வேலை. 'ஸியாஹா' என்றால் சுற்றுலா. 'ஸியாரா' என்றால் வருகை. நஜஃபுக்கும் கர்பலாவுக்கும் புனிதப் பயணம் போவதற்கும் இதே ஸியாரா என்ற சொல்தான். அதனால் "இது அங்க ஒர்க்குக்குத்தான் போடுவாங்க" என்று புரட்டுவதும் எளிதாகிவிடுகிறது. தாளில் பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கும். ஆனால் சிலர் அந்த ஓரத்தை மடித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். முழுத் தாளையும் கேளுங்கள்.

விசிட்டில் போய் மாற்றிக்கொண்டவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். நானே சிலருக்கு அந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறேன். ஆனால் அது முழுக்க முழுக்கக் கம்பெனியின் தயவு. அவர்கள் மனசு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவர் கதை சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

ராமநாதபுரம் பக்கத்து ஆள், ஸ்கஃபோல்டிங் (சாரம் கட்டும்) வேலை. சின்ன சப்-காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்று விசிட்டில் அழைத்து வந்தது. இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு "இகாமாவுக்குக் கொடுத்திருக்கோம்" என்றார்கள்.  இகாமா இருந்தால்தான் ஊருக்குள் ஒரு செக்போஸ்ட்டைத் தாண்ட முடியும். முப்பது நாளில் விசா முடிந்தது. ஐந்து மாதம் ஓடியது. இகாமா வரவில்லை, மூன்று மாதச் சம்பளமும் வரவில்லை. ஒரு நாள் காலையில் அவருடைய அப்பா இறந்துவிட்டதாக ஊரிலிருந்து போன். அவர் நேராக எங்கள் கேம்ப்புக்கு வந்து, வெளிக் கேட்டில் நின்றபடி, "அண்ணே, ஒரு டிக்கெட் மட்டும் போட்டுத் தாங்க, நான் கெளம்பிடறேன்" என்றார். டிக்கெட்டா பிரச்சினை? காலாவதியான விசாவோடு விமான நிலையத்துக்குப் போனால் இமிகிரேஷன் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தங்கிய நாட்களுக்கு அபராதம் கட்ட வேண்டும், வெளியேறும் அனுமதியும் வாங்க வேண்டும். அதை வாங்க அவரை அழைத்து வந்த கம்பெனியின் கடிதம் வேண்டும். அந்தக் கம்பெனியின் மந்தூப், அதாவது அரசு அலுவலகங்களில் காகித வேலை பார்க்கிற உள்ளூர் ஆள், போனை எடுக்கவே இல்லை. பாஸ்போர்ட் இகாமா அலுவலகத்துக்குப் போகவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு மேஜை டிராயரில், ரப்பர் பேண்ட் போட்ட கட்டில், இன்னும் பதினோரு பாஸ்போர்ட்டுகளோடு கிடந்தது. அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

வேலை விசாவில் போனாலும் வெளியேறும் அனுமதி என்ற தலைவலி உண்டு. இகாமா வைத்திருப்பவர் ஊருக்கு வருவதற்கும் கம்பெனி காகிதம் போட வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அந்த ஆள் அரசுப் பதிவில் இருக்கிறார், கம்பெனிக்கு அவர் விஷயத்தில் கடமை இருக்கிறது, தூதரகம் ஒரு கடிதம் எழுதினால் அதற்குப் பதில் சொல்ல ஒரு முகவரி இருக்கிறது.

இப்போது நம் நாட்டுப் பக்கம். ஏஜெண்ட் ஏன் விசிட் விசாவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்பது இங்கேதான் விளங்கும். தம்பி பத்தாம் வகுப்பு தேறவில்லை. அதனால் அவர் பாஸ்போர்ட்டில் 'எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்' என்று அச்சிட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு வேலைக்குப் போனால் முன்கூட்டியே அரசு அனுமதி வாங்க வேண்டிய நாடுகள் 18. ஈராக் அதில் ஒன்று. வளைகுடா நாடுகள், ஏமன், லிபியா, சிரியா, ஆப்கானிஸ்தான், சூடான், மலேசியா, தாய்லாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி தருபவர் பி.ஓ.இ. (புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்) எனப்படும் அதிகாரி. சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பம் இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளம் வழியாகப் போகும்.

ஆனால் 2007-லிருந்து, வேலைக்கு அல்லாமல் சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்த தளர்வுதான். ஏஜெண்டுகள் அதைப் புறவாசலாக ஆக்கிக்கொண்டார்கள். விசிட் விசாவும் ரிட்டர்ன் டிக்கெட்டும் இருந்தால் பி.ஓ.இ. படியேற வேண்டாம், ஒப்பந்தத்தை யாரும் சரிபார்க்க மாட்டார்கள், கம்பெனி உண்மையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். விமான நிலையத்தில் அதிகாரி சந்தேகப்பட்டுக் கேட்டால் "மாமாவைப் பார்க்கப் போறேன்னு சொல்லு" என்று பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த ஒரு பொய்யோடு தம்பி, தானே தன் வாயால், தான் தொழிலாளி இல்லை என்று பதிவு செய்துவிட்டுப் போகிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் அரசுக் கணக்கில் அவர் மாமாவைப் பார்க்கப் போன ஆள்.

முறையாகப் போனால் கிடைப்பதைப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். உங்களிடம் கேட்டிருப்பது 1,40,000. இந்த ஒரு எண்ணே அவர் யார் என்று சொல்லிவிடுகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், அதோடு வரி. விபத்தில் மரணம் அல்லது நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம் ரூபாய். ஒரு வேளை பிரியாணிக் காசுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு. விசிட்டில் போகிறவர்களில் அதை எடுத்த ஒருவரை நான் பார்த்ததில்லை. சாதாரணப் பயணக் காப்பீடு எடுத்தாலும், போர் சார்ந்த இழப்புகளுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு பிரிவு பெரும்பாலும் இருக்கும். ஈராக் போகிறவர் வாசிக்க வேண்டிய முதல் பிரிவு அதுதான்.

ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு இ-மைக்ரேட் தளத்தில் தட்டிப் பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. "அந்த ஆபீஸோட சப்-ஏஜெண்ட் நான்" என்பார்கள். அந்த ஆபீஸுக்கே நேரில் போய்க் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். செவிலியர்களுக்கு விதி இன்னும் கடுமை. 2015-லிருந்து இந்த 18 நாடுகளுக்கு அரசு அனுமதித்த முகமைகள் வழியாகத்தான் போக முடியும். அந்த விதி சும்மா வரவில்லை.

ஏன் இத்தனை காகிதம் என்று சலிப்பாக இருக்கும். ஈராக் கற்றுக்கொடுத்த பாடம் இது. 2004 ஜூலையில் அங்கே மூன்று இந்திய லாரி ஓட்டுநர்கள், கென்யர்கள், ஒரு எகிப்தியரோடு சேர்த்துக் கடத்தப்பட்டார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதிதான் விடுதலை. அதை ஒட்டி இந்திய அரசு ஈராக்குக்கு வேலைக்குப் போவதையே தடை செய்தது. 2010-ல்தான் நீக்கினார்கள். தடை இருந்த காலத்தில் ஆட்கள் போகாமல் இருந்தார்களா? துபாய், குவைத், ஜோர்டான் என்று சுற்றிக்கொண்டு போய்க்கொண்டேதான் இருந்தார்கள், கணக்கில் வராமல்.

2014 ஜூன் 10 அன்று ஐ.எஸ். தீவிரவாதப் படை மோசூலைப் பிடித்தது. அப்போது அந்தப் பக்கம் இரண்டு இந்தியக் கூட்டங்கள் மாட்டிக்கொண்டன. ஒன்று, திக்ரித் மருத்துவமனையில் இருந்த 46 செவிலியர்கள். ஏறக்குறைய எல்லோரும் கேரளத்தவர், ஒருவர் நம் தூத்துக்குடிக்காரர். அவர்களோடு கடைசிவரை தொலைபேசித் தொடர்பு இருந்தது. யார் யார், எத்தனை பேர், எந்தக் கட்டடம் என்று தூதரகத்துக்குத் தெரிந்திருந்தது. ஜூலை 5-ஆம் தேதி எர்பிலிலிருந்து கொச்சி வந்து சேர்ந்தார்கள். இன்னொன்று, மோசூலில் கட்டட வேலை பார்த்த 40 பேர், பெரும்பாலும் பஞ்சாப்காரர்கள். ஒருவர் தப்பினார். மற்ற 39 பேர் என்ன ஆனார்கள் என்று குடும்பங்களுக்கு ஏறத்தாழ நான்கு வருஷம் தெரியவில்லை. மோசூல் பக்கத்தில் பதூஷ் என்ற ஊர் அருகே ஒரு புதைகுழியைத் தோண்டி, டி.என்.ஏ. பரிசோதனை செய்து, 2018 மார்ச் 20 அன்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் அவர்கள் இறந்துவிட்டதை அறிவித்தார். உடல்களைக் கொண்டுவந்த இணையமைச்சர் வி.கே. சிங், அவர்கள் சட்டவிரோத ஏஜெண்டுகள் வழியாகப் போனதால் எந்தத் தூதரகத்திலும் பதிவு இல்லை என்றார். பதிவு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எதிரே நின்றது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரைத் தேடுகிறோம் என்ற பட்டியலாவது முதல் நாளே கையில் இருந்திருக்கும்.

தடை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியுறவுத் துறை விடுகிற அறிவுறுத்தல் வேறு, தடை வேறு. ஏமனுக்கு 2017 செப்டம்பரில் வந்த அறிவிக்கை தடை வகை. மீறிப் போனால் பாஸ்போர்ட்டையே ரத்து செய்யலாம். மரண தண்டனை விதிக்கப்பட்ட மகளைப் பார்க்க ஏமன் போக ஒரு கேரளத் தாய் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது அதனால்தான். ஈராக் இப்போது அந்த வகையில் இல்லை. ஐ.எஸ். காலத்துக்குப் பிறகு ஒரு கட்டத்தில் நினிவே, சலாஹுத்தீன், தியாலா, அன்பார், கிர்குக் என்ற ஐந்து மாகாணங்களை மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள். பஸ்ரா அதில் இல்லை. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் பாக்தாத் இந்தியத் தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அங்கே நிலைமை மாறும் வேகத்துக்கு நான் இன்று எழுதுவது உத்தரவாதம் ஆகாது.

பஸ்ராவை ஐ.எஸ். ஒருபோதும் பிடிக்கவில்லை. அங்கே பயம் வேறு மாதிரி. பழங்குடிக் குழுக்களுக்குள் சண்டை வந்தால் தெருவில் துப்பாக்கி பேசும். 2018 கோடையில் குடிநீர் கெட்டுப்போய்ப் பெரிய போராட்டம் வெடித்தது. ருமைலா போன்ற எண்ணெய் வயல்களில் வேலை என்றால் கேம்ப்புக்குள்ளேயே வாழ்க்கை, வெளியே போவது பாதுகாப்பு வண்டியோடு. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 50 டிகிரியைத் தொடும். வெல்டிங் கவசத்தை மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் நிற்பதைத் தம்பி முதலில் மனசுக்குள் பார்த்துக்கொள்ளட்டும். நான் பார்த்தவரை, முதல் வருஷத்திலேயே திரும்பிப் போனவர்களில் பாதிப் பேரை அனுப்பியது அந்த வெயில்தான்.

அண்டை வீட்டுச் சண்டையும் இந்த வீட்டு வாசலை அடைக்கும். 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது ஈராக் தன் வான்வெளியையே மூடியது. கையில் விசா, டிக்கெட் எல்லாம் இருந்தும் விமானம் இல்லை. அதனால் ஒரு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் தனியாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் போனதற்கான அடையாளம் இருக்கக் கூடாது. 2022-ல் அந்த நாட்டோடு எந்தத் தொடர்பையும் குற்றமாக்கிச் சட்டமே போட்டார்கள். செக்போஸ்ட்டையும் ராணுவ வண்டியையும் படம் எடுக்கக் கூடாது. தரையில் கிடக்கும் பழைய ஓட்டுச் சில்லைக்கூட எடுத்துப் பையில் போடக் கூடாது. 2022-ல் எரிது என்ற தொல்நகரில் சில்லுகளைப் பொறுக்கிய ஒரு பிரிட்டிஷ் முதியவருக்கு 15 வருஷச் சிறை விதித்தார்கள், பிறகுதான் அது ரத்தானது.  

சம்பளத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் 500 டாலர் என்று மட்டும் இருந்தால் போதாது, எதில் தருவார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் அரசு ஒரு டாலருக்கு 1,300 தினார் என்று விலை வைத்தது. தெருவில் அதற்கு மேல்தான். அரசு விலையில் கணக்குப் போட்டு 6,50,000 தினார் கையில் கொடுத்தால், வெளியே டாலர் 1,450 விற்கும் நாளில் அது 448 டாலர்தான். 52 டாலர் ஒவ்வொரு மாதமும் காற்றில் போகும்.

ஆக, ஏஜெண்டிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். மூன்றே மூன்று கேளுங்கள்: அவருடைய பதிவு எண், கம்பெனி கையெழுத்திட்ட ஒப்பந்தம், மடிக்காத முழு விசா தாள். அரபி புரியவில்லை என்றால் பக்கத்துப் பள்ளிவாசல் இமாமிடம் காட்டுங்கள், ஒரு நிமிஷத்தில் படித்துச் சொல்லிவிடுவார். 'அமல்' என்று சொன்னால் பி.ஓ.இ. அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். 'ஸியாரா' என்றால் தம்பியின் பாஸ்போர்ட்டை அன்றைக்கே ஏஜெண்டிடமிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள்.